சான்றிதழ் எடுத்தால் ஐடி வேலை கிடைக்குமா? நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகத் தருகிறேன். அவர் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து ஓராண்டு ஆகிறது. கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த நிறுவனங்களின் தேர்வில் இரண்டு முறையும் கணக்கையும் தர்க்கத்தையும் சோதிக்கும் ஆப்டிடியூட் சுற்றோடு வெளியேறிவிட்டார். இப்போது ஒரு பயிற்சி மையம் ஆறு மாதப் படிப்புக்கு 65,000 ரூபாய் கேட்கிறது. நெட்வொர்க், கிளவுட் (இணையம் வழியாகக் கணினிகளை வாடகைக்கு எடுக்கும் முறை), பைத்தான் (ஒரு நிரல் மொழி) என்று மூன்று சான்றிதழ்கள் கைக்கு வரும், வேலைக்கு நூறு சதவீதம் உறுதி என்று சொல்கிறார்களாம். கூட்டுறவுச் சங்கத்தில் குறுவைக்காக வைத்திருந்த நகையைத் திருப்பியதும், அதையே மறுபடி அடகு வைத்துப் பணத்தைக் கட்டிவிடலாம் என்று அப்பா சொல்கிறார். பணம் கட்டலாமா, எந்தச் சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்கும், இணையத்தில் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கும் நான்கு சான்றிதழ்களுக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

நான் கும்பகோணத்தில் படித்தவன். பதினெட்டு ஆண்டுகளாகச் சென்னையில் சர்வர்களையும் நெட்வொர்க்கையும் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். அவற்றில் கடைசிப் பத்தாண்டுகளாகப் புதிதாக வேலைக்கு வருபவர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பும் எனக்கு உண்டு. அந்த அனுபவத்தில் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: அந்த 65,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. ஏனெனில் சில வேலைகளுக்குச் சான்றிதழ் உண்மையாகவே வாசலைத் திறந்துவிடுகிறது, வேறு சில வேலைகளுக்கு அதை யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எது எந்த வகை என்று தெரியாமல்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன.

சான்றிதழ் என்பது நம் ஊர்களுக்குப் புதிய விஷயமே இல்லை. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தட்டச்சுப் பள்ளிகள் இருந்தன, சில இன்றும் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் காலை ஆறு மணிக்கே போய் லோயர், ஹையர் என்று படித்தார்கள். அந்தச் சான்றிதழை வைத்து எத்தனையோ பேர் தாலுகா அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் வேலைக்குப் போனார்கள். அந்தக் காகிதத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு இருந்தது என்று யோசித்துப் பார்த்தால் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, தட்டச்சர் பணிக்கு அந்தத் தேர்ச்சி வேண்டும் என்று அரசு விதியே சொன்னது. இன்றும் குரூப் 4 தட்டச்சர் பதவிக்கு அது தேவைப்படுகிறது. இரண்டு, தேர்வறையில் செய்த வேலையும் அலுவலகத்தில் செய்யப்போகும் வேலையும் ஒன்றாகவே இருந்தன. ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் என்ற வேகத்தில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தட்டிக் காட்ட வேண்டும். விசைப்பலகையைப் பற்றி நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு யாரும் தட்டச்சர் ஆகிவிட முடியாது.

எந்தத் தொழில்நுட்பச் சான்றிதழைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்பேன். வேலை கொடுப்பவர் அதை வேண்டும் என்று கேட்கிறாரா? தேர்வில் கையால் செய்து காட்ட வேண்டியிருக்கிறதா, அல்லது படித்து மனப்பாடம் செய்தாலே போதுமா? இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்ற பதில் வந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். இரண்டுக்கும் இல்லை என்றால் அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டுவதற்கு மட்டுமே உதவும்.

கையால் செய்து காட்டும் தேர்வு எப்படி இருக்கும் என்பதற்கு ரெட் ஹாட் நிறுவனம் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வைச் சொல்லலாம். அதில் கொள்குறி வினாவே கிடையாது. லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் கணினியைக் கொடுத்து, ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட வேலைகளைச் செய்து முடிக்கச் சொல்வார்கள். ரூட் எனப்படும் தலைமைப் பயனரின் மறந்துபோன கடவுச்சொல்லைக் கணினி துவங்கும்போதே இடைமறித்து மாற்றத் தெரிய வேண்டும், புதிய வட்டைப் பிரித்து இணைக்கத் தெரிய வேண்டும், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று உரிமைகளை வகுக்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் செய்தவை கணினியை மறுபடி துவக்கிய பிறகும் அப்படியே நிற்க வேண்டும் என்பது அந்தத் தேர்வின் விதி. வட்டுகளைப் பற்றிய எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரே ஓர் எழுத்தைப் பிழையாகத் தட்டிவிட்டு மறுதுவக்கம் செய்தால், கணினி எழுந்திருக்காமல் அவசரநிலைத் திரையில் போய் நின்றுவிடும், அதுவரை செய்ததெல்லாம் வீணாகிவிடும். உண்மையான அலுவலகத்திலும் இதே தவறு இதே விதமாகத்தான் நடக்கிறது. நள்ளிரவில் ஒரு சர்வர் எழாமல் போய், அதை மீட்கக் கைநடுக்கத்தோடு உட்கார்ந்திருந்த இரவுகள் எனக்கும் உண்டு. அதனால்தான் இந்தச் சான்றிதழோடு ஒரு புதியவர் வந்தால், இவர் ஒரு முறையாவது அந்தத் திரையைப் பார்த்திருப்பார், அதிலிருந்து வெளியே வரக் கற்றிருப்பார் என்ற நம்பிக்கையோடு நான் பேசத் தொடங்குகிறேன்.

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ அந்த அளவுக்கு முழுச் செய்முறைத் தேர்வு இல்லை என்றாலும், நெட்வொர்க் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் நன்கு அறிந்த பெயர். 1998 முதல் இருக்கிறது. 2020 பிப்ரவரியிலிருந்து பல கிளைகளை ஒன்றாக்கி ஒரே தேர்வாக, 120 நிமிடங்களுக்கு நடத்துகிறார்கள். கட்டணம் 300 டாலர், வரியும் சேர்ந்தால் 25,000 ரூபாயைத் தாண்டும். தவறினால் மறுபடி முழுக் கட்டணத்தையும் கட்டியே எழுத வேண்டும், தேறினாலும் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். வங்கிக் கிளைகள், மருத்துவமனைகள், கல்லூரிகள் ஆகியவற்றின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனங்களும், பெரிய நிறுவனங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் திரையைக் கண்காணிக்கும் பிரிவுகளும் தங்கள் வேலை விளம்பரங்களில் சிசிஎன்ஏ இருந்தால் நல்லது என்று எழுதுகின்றன. அரசு விதி அளவுக்கு இல்லாவிட்டாலும், வேலை கொடுப்பவர் கேட்கிறாரா என்ற கேள்விக்கு இங்கே ஓரளவு ஆம் என்ற பதில் இருக்கிறது.

அந்தப் பெயரைக் காகிதத்தில் வைத்திருப்பதற்கும் உள்ளுக்குள் வைத்திருப்பதற்கும் உள்ள தூரத்தை ஒரு நாள் நேருக்கு நேராகப் பார்த்தேன். ஒரே காலைப் பொழுதில் இரண்டு இளைஞர்கள் நேர்காணலுக்கு வந்தார்கள். ஒருவரிடம் மூன்று சான்றிதழ்கள் இருந்தன. அவரிடம், ஓர் ஊழியரின் கணினியில் இணையம் வரவில்லை, போய்ப் பார்த்தால் நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்கு உள்ள ஐபி முகவரி என்ற எண் 169.254 என்று தொடங்குகிறது, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் ஐபி முகவரிகளின் வகுப்புகளை ஏ, பி, சி என்று ஒப்பித்தார், கேள்விக்கு வரவே இல்லை. மற்றவர் மன்னார்குடிப் பையன், சான்றிதழ் எதுவும் இல்லாதவர், ஒரு கணினி விற்பனைக் கடையில் ஓராண்டு இருந்தவர். "டிஹெச்சிபி கிட்டேருந்து முகவரி வரலைன்னு அர்த்தம் சார், அதான் கம்ப்யூட்டர் தானே ஒண்ணு வச்சுக்கிட்டிருக்கு. முதல்ல கேபிளப் பாப்பேன், பக்கத்து கம்ப்யூட்டர்ல வருதான்னு பாப்பேன், அங்கயும் வரலைன்னா ஸ்விட்ச்சுக்குப் போவேன்" என்றார். டிஹெச்சிபி என்பது கணினிகளுக்கு ஐபி முகவரியை ஒதுக்கித் தரும் சேவை, ஸ்விட்ச் என்பது கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி. இந்த வரிசையில் யோசிப்பதுதான் வேலை. அவரை எடுத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்து நிறுவனச் செலவிலேயே அவர் சிசிஎன்ஏ எழுதித் தேறினார்.

அந்த முதல் இளைஞரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் படித்த மையத்தில் டம்ப்ஸ் என்று ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். தேர்வில் வந்த கேள்விகளைத் திருட்டுத்தனமாகத் திரட்டி, விடைகளோடு விற்கும் தொகுப்புக்கு அந்தப் பெயர். அதை மனப்பாடம் செய்து தேறலாம், ஆனால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளுத்துவிடும். தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். டம்ப்ஸ் பயன்படுத்தியது தெரிந்தால் சான்றிதழைப் பறித்து, மறுபடி எழுதவும் தடை விதிப்பார்கள். படிக்க வந்த பிள்ளையிடம் இதைச் சொல்லாமலே அந்தத் தொகுப்பைக் கையில் திணிப்பவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

இனி, சான்றிதழ் அதிகம் உதவாத பக்கத்துக்கு வருகிறேன். நிரல் எழுதும் வேலைக்கு, அதாவது டெவலப்பர் என்று சொல்லும் வேலைக்கு, புதியவரிடம் யாரும் பைத்தான் சான்றிதழோ ஜாவா சான்றிதழோ கேட்பதில்லை. திரையைக் கொடுத்து ஒரு கணக்கை நிரலாக எழுதச் சொல்கிறார்கள். எழுதினால் அடுத்த சுற்று, எழுதாவிட்டால் அதோடு சரி. நீங்கள் எழுதிய நிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்திருந்தால் அதைத் திறந்து, இந்த வரியை ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்பார்கள். ஜோஹோ போன்ற நிறுவனம் பட்டத்தையே பெரிதாகப் பார்ப்பதில்லை, பள்ளி முடித்தவர்களைத் தானே எடுத்துப் பயிற்றுவிக்கிறது. அங்கே வெளியாள் கொடுத்த சான்றிதழ் என்ன செய்துவிடும்?

கிளவுட் சான்றிதழ்கள் இதற்கு நடுவில் நிற்கின்றன. அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வில் 65 கேள்விகள், 90 நிமிடங்கள், கட்டணம் 100 டாலர். கையால் எதையும் அமைத்துக் காட்ட வேண்டியதில்லை. விற்பனைப் பிரிவில் இருப்பவர்களும் எழுதும் அறிமுகத் தேர்வு அது. அதைத் தேறியவர் கிளவுட் பொறியாளர் ஆகிவிட்டார் என்று எந்த நிறுவனமும் நினைப்பதில்லை. ஆனாலும் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைக் கிளவுட் சான்றிதழ் எழுதச் சொல்லி விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வேறொரு காரணம் உண்டு. அமேசானோ மைக்ரோசாஃப்டோ தங்களோடு கூட்டாளியாக இருக்கும் சேவை நிறுவனங்களைப் படிநிலைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மேல்படிக்குப் போக வேண்டுமானால் இத்தனை ஊழியர்கள் இன்னின்ன தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நிரப்புவதற்காக நிறுவனமே கட்டணத்தைக் கொடுத்து எழுத வைக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு காசில்லாமல் கிடைக்கப்போகும் ஒன்றுக்கு, வேலை கிடைப்பதற்கு முன்பே அப்பாவின் நகையை அடகு வைப்பது தேவையில்லாத சுமை.

இணையத்தில் நீங்கள் பார்க்கும் அறிவுரைகளில் பாதிக்கு மேல் நம் நிலத்துக்குப் பொருந்தாதவை என்பதையும் சொல்ல வேண்டும். கணினிப் பராமரிப்புக்கான காம்ப்டியா ஏ பிளஸ் என்ற சான்றிதழ் 1993 முதல் இருக்கிறது, இரண்டு தாள்கள் எழுத வேண்டும். அமெரிக்காவில் பட்டம் இல்லாத ஒருவர் அதை எழுதி ஹெல்ப் டெஸ்க் வேலையில் சேர்ந்து, பிறகு நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் என்று படிப்படியாக ஏறுவது அங்கே நன்கு பழகிய பாதை. செக்யூரிட்டி பிளஸுக்கு அங்கே கூடுதல் கிராக்கி இருப்பதற்குக் காரணம், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் கணினிப் பாதுகாப்புப் பணிகளுக்கு ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ்களின் பட்டியலில் அது இருப்பதுதான். நம் தட்டச்சு லோயருக்கு அரசு விதி கொடுத்த மதிப்பைப் போன்றது அது. இங்கே அப்படி ஒரு விதி இல்லை. இங்கே புதியவர்களைப் பெரும் எண்ணிக்கையில் எடுப்பது கேம்பஸ் வழியாகவும், பெரிய சேவை நிறுவனங்கள் நடத்தும் பொதுத் தேர்வுகள் வழியாகவும்தான். அவர்கள் பார்ப்பது பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் சதவீதம், அரியர் நிலுவை உண்டா இல்லையா, எந்த ஆண்டு முடித்தீர்கள், ஆப்டிடியூட், கோடிங், பேச்சு. சைபர் பாதுகாப்பு என்ற பெயரில், அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழின் தயாரிப்பு வகுப்பைப் புதியவர்களுக்கு விற்கும் மையங்களைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். நான்கைந்து ஆண்டுப் பணி அனுபவம் இல்லாமல் அந்தச் சான்றிதழை முழுமையாகப் பெறவே முடியாது.

இங்கேதான் உங்கள் விஷயத்தில் நான் மிகவும் கவனித்த செய்தி வருகிறது. நீங்கள் இரண்டு முறை வெளியேறியது ஆப்டிடியூட் சுற்றில். அந்தச் சுற்றில் உங்கள் சான்றிதழ்களை ஒருவரும் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. மூன்று சான்றிதழ் வாங்கினாலும் முப்பது வாங்கினாலும் அந்தக் கதவு அப்படியே மூடித்தான் இருக்கும். பத்துப் பேர் ஆறு நாளில் நடும் வயலைப் பதினைந்து பேர் எத்தனை நாளில் நடுவார்கள் என்று உங்கள் அம்மாவைக் கேட்டால், பேனா எடுக்காமலே நான்கு நாள் என்று சொல்லிவிடுவார். தேர்வில் வரும் ஆள்-நாள் கணக்கு அதேதான், ஆங்கிலத்தில், ஒரு நிமிடத்துக்குள் செய்ய வேண்டும் என்பதுதான் வேறுபாடு. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பல பிள்ளைகள் கணக்குத் தெரியாமல் தோற்பதில்லை, கேள்வியின் ஆங்கிலத்தைப் படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்து தோற்கிறார்கள். சதவீதம், விகிதம், நேரமும் வேலையும், நேரமும் தூரமும் என்று நாளுக்கு ஒன்றரை மணி நேரம், கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் பழகுங்கள். பழைய புத்தகங்களும் இலவசப் பயிற்சித் தேர்வுகளும் போதும். இதற்கு 65,000 ரூபாய் வேண்டியதில்லை.

அந்த மையத்தைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள். அவர்கள் தருவதாகச் சொல்லும் மூன்று சான்றிதழ்கள் யாருடையவை என்று கேளுங்கள். சிஸ்கோவோ அமேசானோ தரும் சான்றிதழ் என்றால், பியர்சன் வியூ என்ற அமைப்பின் வழியாகக் கண்காணிப்போடு நடக்கும் தேர்வை நீங்கள் உங்கள் அடையாள அட்டையைக் காட்டி எழுதியாக வேண்டும், அதன் முடிவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். அந்தக் கட்டணம் 65,000-க்குள் சேர்ந்திருக்கிறதா, ஒருமுறைக்கா, தவறினால் யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்குங்கள். மையம் தன் பெயரில் அச்சிட்டுத் தருவது "படிப்பை முடித்தார்" என்ற காகிதம் மட்டுமே என்றால், அதற்கு நேர்காணலில் மதிப்பு இல்லை. வேலை உறுதி என்ற வார்த்தையையும் ஒப்பந்தத்தாளில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் "நேர்காணலுக்கு ஏற்பாடு செய்வோம்" என்றுதான் அங்கே இருக்கும். நான் பட்டம் முடித்த ஆண்டில் இதைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். என் அண்ணன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் 28,000 ரூபாய் ஒரு மையத்துக்குப் போனது. கொடுத்த சான்றிதழை எந்த நேர்காணலிலும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தாள் இன்றும் வீட்டுப் பரணில் இருக்கிறது.

இதைவிட ஆபத்தான ஒன்று, சில இடங்களில் கூடுதலாகக் கொஞ்சம் பணம் கொடுத்தால் இரண்டு ஆண்டு அனுபவம் இருப்பதாகப் போலிச் சான்றிதழ் போட்டுத் தருவது. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். வருங்கால வைப்பு நிதியின் யூஏஎன் எண்ணைப் பார்த்தாலே எங்கே, எப்போது வேலை செய்தீர்கள் என்று நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். சேர்ந்து எட்டு மாதம் கழித்துப் பின்னணிச் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டு, அன்றைக்கே அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போன ஒரு பையனை நான் பார்த்தேன். வேலையில் அவன் கெட்டிக்காரன். உண்மையான தன் திறமையோடு கொஞ்சம் தாமதமாக வந்திருந்தாலும் அவனை எடுத்திருப்போம்.

என் அக்காள் மகள் கும்பகோணத்தில் பி.சி.ஏ. படித்தவள். அவளுக்கு நிரல் எழுதுவதில் ஆர்வம் இல்லை, ஆனால் எதில் பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கண் உண்டு. படிப்பு முடிந்ததும் தெரிந்தவர் ஒருவரின் ஜவுளிக்கடையில் பில் போடும் மென்பொருளை, உரிமையாளரின் சம்மதத்தோடு, ஒரு மாதம் உட்கார்ந்து சோதித்தாள். தள்ளுபடியில் விற்ற புடவையை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால், மென்பொருள் தள்ளுபடி போன விலைக்குப் பதிலாக முழு விலையைத் திருப்பித் தரச் சொன்னது. இதைப் போல 23 பிழைகளை, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது, உண்மையில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்தாள். அதற்குப் பிறகுதான் மென்பொருள் சோதனைக்கான ஐஎஸ்டிக்யூபி அடிப்படைத் தேர்வை எழுதினாள். 40 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. சோதனைப் பிரிவு வேலைகளுக்கான விளம்பரங்களில் அந்தப் பெயர் அடிக்கடி வருவதால், அவளுடைய விண்ணப்பம் முதல் வடிகட்டலைத் தாண்டியது என்று நம்புகிறேன். ஆனால் நேர்காணல் முழுவதும் அந்த 23 பிழைகளைப் பற்றித்தான் பேசினார்களாம். சான்றிதழ் அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனது. வேலையை வாங்கிக் கொடுத்தது அந்தப் பட்டியல்.

ஆகவே எந்தச் சான்றிதழ் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால், எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள். கணினியையும் கம்பியையும் பிரித்துப் பார்க்கப் பிடிக்குமா, நிரல் எழுதப் பிடிக்குமா, பிழை தேடப் பிடிக்குமா என்பதை ஒரு மாதம் மூன்றையும் தொட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நிரல் என்றால் சான்றிதழை மறந்துவிட்டு இரண்டு சிறிய மென்பொருள்களை முழுதாக எழுதி முடியுங்கள். உங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக் கணக்கு எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து, அதற்கொன்று செய்யலாம். யாருக்கும் பயன்படாத மாதிரிச் செயலியைவிட அதைப் பற்றி நேர்காணலில் உங்களால் நன்றாகப் பேச முடியும். நெட்வொர்க் என்றால் சிஸ்கோவே இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசரில் ரவுட்டர்களையும் ஸ்விட்சுகளையும் திரையிலேயே இணைத்துப் பழகலாம். ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். /26 என்ற அளவுள்ள பகுதி என்றால் 62 கணினிகள் என்று விரல்விடாமல் சொல்லத் தெரிய வேண்டும். லினக்ஸ் என்றால் பழைய மடிக்கணினி ஒன்றில் நினைவகத்தை 8 ஜிபி ஆக்கி, கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் ரெட் ஹாட்டைப் போலவே இயங்கும் ராக்கி லினக்ஸோ ஆல்மா லினக்ஸோ இரண்டு நிறுவி, வேண்டுமென்றே கெடுத்துக் கெடுத்துச் சரி செய்யுங்கள். இவை எல்லாம் இலவசம். இப்படிப் பழகி, மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து தேறும் நிலை வந்த பிறகு, ஒரே ஒரு தேர்வுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். அதையும் முதல் சம்பளம் வரும்வரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

முதல் வேலை சென்னையிலோ பெங்களூரிலோதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது, தஞ்சாவூரில் நியோ டைடல் ஐடி பூங்கா 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அவற்றில் இடம் கிடைக்காவிட்டாலும், கல்லூரிகளின் கணினி ஆய்வகம், மருத்துவமனைகளின் கணினிப் பிரிவு, கணினி விற்பனை மற்றும் பழுது பார்க்கும் கடைகள் என்று மன்னார்குடி, தஞ்சாவூர், கும்பகோணம் சுற்றிலும் சிறிய வேலைகள் உண்டு. சம்பளம் குறைவு. ஆனால் ஓராண்டு அங்கே இருந்தால், படிப்பு முடித்த பிறகு சும்மா இருந்த இடைவெளி என்ற கேள்வி எழாது. அந்த மன்னார்குடிப் பையனைப் போல, கேட்டால் சொல்வதற்குக் கையில் விஷயம் இருக்கும்.

கடைசியாக உங்கள் நான்கு இணையச் சான்றிதழ்கள். அவற்றில் என்பிடெல் ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தனியாக வையுங்கள். ஐஐடி, ஐஐஎஸ்சி ஆசிரியர்கள் நடத்தும் படிப்பு அது. படிப்பது இலவசம், 1,000 ரூபாய் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதினால்தான் சான்றிதழ். 60 மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்திருந்தால் எலீட் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். ரெஸ்யூமில் கல்வித் தகுதிக்குக் கீழே மதிப்பெண்ணோடு ஒரு வரி எழுதுங்கள். பாடத்தைத் திரும்பப் படித்துவிட்டுப் போங்கள், கேட்பார்கள். மற்ற மூன்றும் காணொளியைப் பார்த்து முடித்ததற்கான காகிதங்கள். அவற்றால் கெடுதல் இல்லை, ஆனால் முதல் பக்கத்தில் வேண்டாம். அந்த இடத்தில் நீங்களாகச் செய்த ஒரு வேலையை நான்கு வரிகளில் எழுதுங்கள்: என்ன பிரச்சினை, என்ன செய்தீர்கள், எங்கே சிக்கினீர்கள், எப்படி மீண்டீர்கள். இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லையென்றால் கவலைப்படாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நான்கு வரிகளை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு வரியிலும் நேர்காணலில் என்ன கேள்வி வரும் என்று எழுதி அனுப்புகிறேன். நகையை மறுபடி அடகு வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.